வேர் இல்லாத வரி

சர்வர் ரூமுக்குள் யாருமே இல்லாத நேரத்திலும், உள்ளே ஒரு ஆள் இருப்பதாகத்தான் கதவு மிஷின் காட்டும். ஓரகடத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். புதிதாகச் சேரும் பையன்களைப் பயமுறுத்த இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இசக்கிசெல்வி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள். மிஷினுக்கு முன்னால் முகத்தைக் காட்டினால் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும், கீழே பெயர் வரும், 'தேங்க் யூ' என்று ஒரு பெண் குரல் சொல்லும், கதவு திறக்கும். அன்று மாலை அவள் முகத்தைக் காட்டியதும் திரையின் மூலையில் 'உள்ளே: 2' என்று வந்தது. போனது அவள் ஒருத்திதான். வழக்கம்தானே என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கமில்லாதது அந்த வாசனை.

முந்தின நாள் ஆயுத பூஜை. ரேக்குகளின் கண்ணாடிக் கதவுகளில் வைத்த சந்தனமும் குங்குமமும் ஏசிக் காற்றில் காய்ந்து வெடித்திருந்தன. யூபிஎஸ் பெட்டியின் மேல் பொரி சிதறிக் கிடந்தது. வாடிய வாழையிலை, சூடேறிய பிளாஸ்டிக், நேற்றைய ஊதுபத்தி எல்லாம் கலந்து அடைந்து கிடந்த அந்தக் காற்றின் அடியில், மெல்லிசாக, நீலகிரித் தைலம். அவள் நடு அறையில் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். யேசுராஜுக்கு இந்த அறையின் குளிர் ஆகாது. கைக்குட்டையில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொண்டேதான் வேலை செய்வான். தரை துடைக்கிறவர்கள் ஏதாவது புது மருந்து வாங்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இசக்கிசெல்வி திசையன்விளைக்காரி. தொழிற்சாலையின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. யேசுராஜ் ஆலைக்குப் பக்கத்து வடக்குப்பட்டுக்காரன். சர்வர்கள் அவன் பொறுப்பு. கேட்டில் ஆள் வருவதையும் போவதையும் பதிகிற புரோகிராம் அவன் கையால் எழுதியது. இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, பேச்சு நின்று, மறுபடி பேச்சு வந்து, கடைசியில் வடக்குப்பட்டுச் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டவர்கள். போன பொங்கல் லீவில், இதே மாதிரி ஆலை மூடிக் கிடந்த ஒரு பகலில், இதே அறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். பக்கவாட்டு அவசரக் கதவை உடைத்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டவில்லை. உயிர் போய்க்கொண்டிருக்கிறவனை நிறுத்தி மிஷினில் முகம் காட்டச் சொல்ல யாருக்குத் தோன்றும்? அதனால் அவன் அன்றைக்குப் போட்ட 'இன்' இருக்கிறது. 'அவுட்' இல்லை.

அவுட் போட மறந்தவர்களுக்கு அந்த ஆலையில் ஒரு வழி உண்டு. ஷிப்ட் முடிந்து சர்வர் ரூம் கதவுக்கு வெளியே வந்து வரிசையாக நிற்பார்கள். "அக்கா, பஞ்ச் மிஸ்ஸாயிடுச்சுக்கா." தென்மாவட்டத்துப் பையன்கள் என்றால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். திட்டிக்கொண்டே அவுட் போட்டுக் கொடுப்பாள். எல்லோருக்கும் போட்டாள், அவனுக்கு மட்டும் போடவில்லை. போட்டால் அவன் போய்விட்டான் என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவளால் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்டர்காம் அடித்தது. எச்.ஆர். சந்திரலேகா மேடம், வீட்டிலிருந்து லைன் வாங்கிப் பேசினார்.

"செல்வி, அந்த ஒரு ரெகார்டு இன்னும் ஓபன்லயே இருக்கும்மா. ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடிடும். அதுக்குள்ள க்ளோஸ் பண்ணிடு. உன்னைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"சரி மேடம்."

"கஷ்டம்தான். தெரியும்மா."

"சரி மேடம், வைக்கட்டுமா?"

பழைய சாஃப்ட்வேரைக் கழற்றிவிட்டுப் புதியது வருகிறது. ஆறு மணிக்கு அவள் எழுதிய ஸ்கிரிப்ட் தானாக ஓடி, 'இருக்கிறார்' என்று குறித்திருக்கிற ஆட்களை மட்டும் புதிய சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும். 'இல்லை' என்று குறித்தவர்கள் பழைய சர்வரோடு அழிந்துபோவார்கள். யேசுராஜின் பெயருக்கு எதிரே எச்.ஆரில் எப்போதோ 'இல்லை' போட்டுவிட்டார்கள். அந்த ஒரு சொல்லைச் சில நிமிடத்துக்கு 'இருக்கிறார்' என்று மாற்றி, அவன் பெயரை அக்கரைக்குக் கடத்திவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். திருட்டு வேலைதான். தாலிச் செயினைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். அவனுடைய சட்டைகளைக் கொடுத்துவிடச் சொன்னார்கள், கொடுத்தாள். இந்த ஒன்றையாவது வைத்துக்கொள்கிறேனே என்று நினைத்தாள்.

டேட்டாபேஸில் கை வைக்கும்போது ஒரு முறை உண்டு. 'ஆரம்பம்' என்று முதலில் ஒரு கட்டளை. பிறகு மாற்றம். எத்தனை பேருடைய வரிகள் மாறின என்று பார்த்துவிட்டு, சரியென்றால் 'கமிட்'. தப்பென்றால் 'ரோல்பேக்', எல்லாம் பழையபடி ஆகிவிடும். கமிட் போடும் வரை மாற்றம் நிஜமில்லை. யேசுராஜின் கேட் புரோகிராமுக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆயிரம் பேர் மழையில் நிற்கக் கூடாது என்று, முடிவாகாத மாற்றத்தையும் காத்திருக்காமல் படித்துக்கொள்ளும்படி அவன் அதை எழுதியிருந்தான்.

மாற்றம் யாருக்கு என்று குறிக்கிற கடைசி வரி 'வேர்' என்று தொடங்கும். 'எங்கே' என்று அர்த்தமாகிற ஆங்கிலச் சொல்தான். அவன் வாயில் அது மரத்தின் வேர் ஆகிவிட்டது. அவள் ஒரு கட்டளையை எழுதிவிட்டு ஓட்டப் போகும்போது, சத்தமில்லாமல் பின்னால் வந்து குனிந்து, மோவாயை அவளுடைய இடது தோளில் வைத்துக்கொண்டு திரையைப் படிப்பான். நல்ல உயரம். குனிந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும். "வேர் எங்க செல்வி? வேர் இல்லாம ஓட்டிடாத." தைல வாசனையும் தோளில் அந்தக் கனமும். ஆபீஸ்ல இதெல்லாம் வேண்டாம் என்று அவள் நெளிவாள். நெளிந்திருக்க வேண்டாம்.

'ஆரம்பம்' கொடுத்தாள். இரண்டு வரி எழுதினாள். முதல் வரி, நிலையை 'இருக்கிறார்' என்று மாற்று. இரண்டாவது வரி, யேசுராஜின் நம்பரோடு, வேர். கண் கலங்கி எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாள், ஓட்டினாள்.

ஒரு வரி மாறியது என்று வர வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நீலம் பூசித் தேர்வாகியிருந்தது முதல் வரி மட்டும்தான். வேர் வெளியே கிடந்தது. அந்த ஆலையில் என்றைக்கோ வேலை செய்து, இன்றைக்கு 'இல்லை' என்று இருக்கிற அத்தனை பேரும் 'இருக்கிறார்' ஆகிவிட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற முட்டாள்தனம். அவள் பதறவில்லை. கமிட் போடவில்லையே. 'ரோல்பேக்' என்று அடித்தாள். எண்டர் மேல் விரல் வைத்தபோது இன்டர்காம் அடித்தது.

"மேடம், தாவீது பேசுறேன், மெயின் கேட்டாண்டேர்ந்து." செக்யூரிட்டி தாவீது வடக்குப்பட்டுக்காரர். யேசுராஜின் சர்ச்சில் உபதேசியாருக்குத் துணையாக மணி அடிப்பவர். "மிஷினு தானா பேசிக்கினு கீது மேடம்."

"என்னன்னு அண்ணே?"

"தேங்க் யூங்குது. ஆளே இல்ல. மழயில ஒரு நாயி கூட இல்ல. அது பாட்டுக்கு தேங்க் யூ, தேங்க் யூன்னுகினே கீது. கம்பி கேட்டு தானா சுத்துது மேடம்."

"சர்வர்ல ஒரு வேலை பாக்கேன். அதனால இருக்கும்."

"பேரு வேற காட்டுது மேடம்." அவர் குரல் தணிந்தது. "கேண்டீன் ரோஸின்னுது."

அவள் பக்கத்துத் திரையைத் திருப்பினாள். ஆலை முழுக்க எந்த மிஷினில் யார் முகம் காட்டினாலும் அதில் ஒரு வரியாக வந்து விழும். லீவு நாளில் அது காலியாக இருக்க வேண்டும். வரிகள் விழுந்துகொண்டிருந்தன. ரோஸி, மெயின் கேட், இன். ரோஸி அக்கா டெங்குவில் போனவள். மகாராஜா, மெயின் கேட், இன். பெயின்ட் ஷாப் மகாராஜா ஓரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு அடியில் போனவன். அவனுக்காக ஆலையே ஒரு நாள் கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்தது. அடுத்த பெயர், அடுத்த பெயர். நாலாயிரம் பேரும் வரவில்லை. ஓசூருக்கு வேலை மாறிப்போன இளம்பரிதி வரவில்லை. கல்யாணமாகிக் குவைத் போன சுகப்பிரியா வரவில்லை. அவர்களும் 'இருக்கிறார்' ஆனவர்கள்தான். வருகிறவர்களிடம் மட்டும் வேறு ஏதோ ஒன்று பொதுவாக இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. மனசு அதைச் சொல்ல மறுத்தது.

பிறகு அந்தப் பெயர் விழுந்தது. சுடலைக்கண்ணு, மெயின் கேட், இன்.

சுடலைக்கண்ணு செத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை. 'சொல்லாமல் ஓடியவர்' என்று எச்.ஆரில் எழுதி மூடிவிட்டார்கள். ஊர்ப்பக்கத்துப் பையன்கள் ரூம் மாறி, கம்பெனி மாறி, போன் நம்பர் மாறி எங்காவது போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அவன் அம்மா ஒரு நாள் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். ஊர்ப் பேச்சு என்பதால் லைனை இவளிடம் கொடுத்தார்கள். "எம்மா, எம்மவன் அங்கன வேலைக்கு வாரானாம்மா? போனை எடுக்க மாட்டேங்கான்." இவள்தான் சொன்னாள். "வேற கம்பெனிக்குப் போயிருப்பான் பெரியம்மா. தீவாளிக்கு வாசல்ல வந்து நிப்பான் பாருங்க." தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இசக்கிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எண்டரைத் தட்டியிருக்கலாம். தட்டினால் எல்லோரும் மறுபடி 'இல்லை' ஆகிவிடுவார்கள். விரல் அங்கேயேதான் இருந்தது. ஆனால் இந்தக் கும்பலில் இன்னொரு பெயரும் வருமே. வரத்தானே வேண்டும். அவனும் இப்போது 'இருக்கிறார்' தானே. பயம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டாலும், அதை முட்டிக்கொண்டு ஒரு ஆசை கிளம்பிவிட்டது. ஒரே ஒரு முறை அந்தப் பெயர் கேட்டில் விழட்டும், பார்த்துவிட்டுத் தட்டுகிறேன். விரலை எடுத்துவிட்டாள்.

பெயர்கள் நகர்ந்தன. மெயின் கேட்டில் விழுந்தவை இப்போது கேண்டீன் மிஷினில் விழுந்தன. பிறகு லைன் வாசலில். பிறகு ஆபீஸ் கட்டடத்தின் கீழ்வாசலில். ஒவ்வொரு மிஷினாகத் தாண்டி அவை ஒரே திசையில் வந்துகொண்டிருந்தன. யேசுராஜ் என்ற பெயரைத் தேடித் தேடி அவளுக்குக் கண் எரிந்தது. ஏசியின் இரைச்சலுக்கும் நூறு விசிறிகளின் ஓயாத ரீங்காரத்துக்கும் அடியில், எங்கோ கீழ்த்தளத்தில், அந்தப் பெண் குரல் கேட்க ஆரம்பித்தது. தேங்க் யூ. தேங்க் யூ. அவசரமில்லாமல், ஒவ்வொருவரையும் உபசரிக்கிற குரல். படிக்கட்டு மிஷின். மாடி வராந்தா மிஷின். ஈரச் செருப்புகள் டைல்ஸில் இழுபடும் சத்தம். இருமல். ஷிப்ட் முடிந்து களைத்த ஆட்கள் பேசாமல் நடக்கிற அந்தத் தளர்ந்த நடை.

கதவுக்கு வெளியே நின்றது.

மெல்லிய சலசலப்பு. முழங்கை இடிபடுவது. வரிசை கட்டுகிறார்கள். அவளுக்கு அது பழக்கமான சத்தம். தினமும் கேட்ட சத்தம். அதனால்தான் பயமாக இருந்தது.

கதவில் நகத்தால் தட்டினார்கள்.

"எக்கா."

அவள் கதவைப் பார்த்தாள்.

"செல்விக்கா. நான்தான், சுடலை."

"என்னல?" கேட்டுவிட்டாள். பழக்கம்.

"இன்னைக்கு இன் விழுந்துட்டுக்கா." குரலில் ஈரம் இருந்தது, தொண்டையில் தண்ணீர் கட்டியிருக்கிற ஈரம். "எங்களை யாரு கூப்டதுன்னு தெரியல. உள்ள வந்துட்டோம். அவுட்டு போட்டு விடுங்கக்கா. அவுட் இல்லாம வெளிய விட மாட்டாவ."

"நீ எங்கல போன? உங்கம்மா தேடுதா."

கதவின் அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது. சேற்றுத் தண்ணீர். பாசி வாசனை.

"போட்டு விடுங்கக்கா," என்றான் கடைசியில். "நிக்க முடியல. குளுருது." பின்னால் இன்னொரு குரல், ரோஸி அக்காவின் கரகரத்த குரல், "எனுக்கும் போட்டுடும்மா செல்வி," என்றது.

அவளுக்குப் புரிந்தது. ரோல்பேக் இவர்களுக்கு உதவாது. அது அவளுடைய தப்பை மட்டும்தான் அழிக்கும். கேட்டில் விழுந்த இன் அழியாது. இன் போட்டு அவுட் போடாதவர்களாக இந்தக் கட்டடத்துக்குள்ளேயே, இந்தக் குளிரிலேயே நிற்பார்கள். கண்ணீர் தாடையில் வழிந்து கீபோர்டில் சொட்டியது. துடைக்க நேரமில்லை. ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடிவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். இப்போது உள்ளே வந்த இவர்கள் எல்லோருக்கும் அவுட். யேசுராஜைத் தவிர, முன்பு 'இல்லை' என்று இருந்த எல்லோருக்கும் மறுபடி 'இல்லை'. மவுஸால் இழுத்தாள். ஓட்டப் போனாள்.

வேர் எங்க செல்வி?

நினைப்புதான். இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு நினைப்பு. விரல் நின்றது. பார்த்தாள். இந்த முறையும் கடைசி வரி தேர்வாகவில்லை. திரும்ப இழுத்துக் கடைசி எழுத்து வரை நீலம் ஆக்கிவிட்டு ஓட்டினாள்.

வெளியே சலசலப்பு அடங்கியது. பெருமூச்சு ஒன்று, பல பேர் சேர்ந்து விட்டது, கதவோடு உரசிப் போனது.

"வாரேன்க்கா," என்றான் சுடலைக்கண்ணு.

ஊருக்குக் கிளம்பும் பையன்கள் எல்லோரும் சொல்கிற சொல். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். வராந்தாவில், படிக்கட்டில், கீழ்வாசலில், தேங்க் யூ தேய்ந்துகொண்டே போனது. பக்கத்துத் திரையில் அவுட், அவுட், அவுட் என்று விழுந்து நின்றது.

ஒரு வரி மிச்சமிருந்தது. யேசுராஜ், இருக்கிறார். அவனுக்கும் ஒரு அவுட் போட்டுவிடலாம். வெளியே நின்றவர்கள் அதைத்தானே கெஞ்சிக் கேட்டார்கள், கிடைத்ததும் எப்படி மூச்சு விட்டார்கள். அவனுக்கும் அது வேண்டியிருக்குமோ? அவள் யோசித்தாள். யோசித்தும் போடவில்லை. மனசு கேட்கவில்லை. 'கமிட்' என்று அடித்து எண்டரைத் தட்டினாள்.

ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் தானாகக் கிளம்பி ஓடியது. புதிய சிஸ்டத்தின் திரையில் பெயர்கள் நிரம்பின. அவள் தேடிக் கண்டுபிடித்தாள். யேசுராஜ். இருக்கிறார். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். பொங்கலுக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பழைய சர்வர் தன்னைத் தானே துடைத்து அழிக்க ஆரம்பித்தது. புதியதில் அவளுக்கு இன்னும் அதிகாரம் தரவில்லை. பார்க்கலாம், மாற்ற முடியாது. பரவாயில்லை, மாற்ற என்ன இருக்கிறது.

இன்டர்காம்.

"மேடம், நின்னுட்ச்சு. எல்லாம் வெளிய பூட்ச்சு," என்றார் தாவீது. ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. "நீங்களும் கெளம்பி வந்துடுங்க மேடம். இன்னாத்துக்கு இன்னும் அங்க?"

"வாரேன் அண்ணே."

"நம்ம யேசுராஜி பேரு வருமான்னு பாத்துகினே இருந்தேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. மனசு கேக்கல. எல்லார் பேரும் வந்துச்சு. அவன் பேரு மட்டும் கேட்டுல வர்ல."

"அவுக வெளிய போயிருந்தாத்தான அண்ணே கேட்டு வழியா உள்ள வர..."

சொல்லி முடிக்கவில்லை.

ரிசீவர் கையிலிருந்து நழுவி மேஜை விளிம்பில் தொங்கியது. தாவீது மேடம் மேடம் என்று கத்துவது சின்னதாகக் கேட்டது. ஏசி இரைந்தது. விசிறிகள் இரைந்தன. சந்தன வாசனை இல்லை. பொரி வாசனை இல்லை. சேற்று வாசனையும் இல்லை. அறை முழுக்க நீலகிரித் தைலம், இப்போதுதான் மூடி திறந்த மாதிரி.

அவள் திரும்பவில்லை.

எழுந்தாள். பின்னால் இருந்த இரண்டாவது நாற்காலி, அவன் நாற்காலி, கிறீச்சிட்டது. யாரோ எழுந்தால் வரும் சத்தம். உடைந்த அவசரக் கதவுக்கு முன்னால் ரேக் ஒன்றை நிறுத்தி அடைத்துவிட்டார்கள். வெளியே போக ஒரே கதவு. நடந்தாள். ஓடக் கூடாது. ஓடினால் பின்னால் ஓடி வரும். பொரி காலடியில் நொறுங்கியது. அவள் நின்றாள். அதற்குப் பிறகும் ஒரு முறை நொறுங்கியது.

உள்பக்க மிஷின் விழித்துக்கொண்டது. திரையில் அவள் முகம். வெளுத்து, கண் வீங்கி. பச்சைக் கட்டம் வரவில்லை.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

கிட்டே போனாள். கன்னத்தைத் துடைத்தாள். முகத்தை நேராக வைத்தாள்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

கட்டம் வந்தது. அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பின்னால், அவள் தலைக்கு மேலே, ஒரு நெட்டையான ஆளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ரேக்கும் சந்தனப் பொட்டும் தெரிகிற இடத்தில் வந்து நின்றது. கீழே பெயர் வந்தது.

யேசுராஜ்.

மூலையில், உள்ளே: 2.

"ஏங்க," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. "என்னைப் போக விடுங்க."

எத்தனை ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள், அந்தக் கனம் ஒரு தடவை தோளில் வந்து விழாதா என்று. இப்போது அது வேண்டாம், வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். போடாத அவுட்டை இனி எங்கே போய்ப் போடுவது?

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்," என்றது மிஷின்.

பச்சைக் கட்டம் அசைந்தது. அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக, குனிந்து இறங்கியது. அவள் தலையைத் தாண்டியது. காதைத் தாண்டியது. அவளுடைய இடது தோளுக்கு வந்து, கன்னத்தை ஒட்டி, அங்கேயே நின்றது.